பெட்டியில் இருந்த பெயர்

ஒஸ்லோவின் வெஸ்ட்லியில் நாலாம் மாடி. பின்னேரம் மூன்று மணிக்கே வெளிச்சம் சுவரை விட்டு இறங்கிக்கொண்டிருக்கிறது. எமிலியா மடிக்கணினியை அப்பாவின் பக்கம் திருப்பி வைக்கிறாள். எண்பது வருடமாக நடக்கும் நியூயோர்க் ஓவியக்கூடம் ஒன்று தன் பழைய கடிதங்களையெல்லாம் இணையத்தில் போட்டிருக்கிறது. அதற்குள், ஓவியங்களில் அப்பா இட்ட புனைபெயரைத் தேடியவளுக்கு, ஒஸ்லோ வரை வந்து திரும்பிப் போன ஒரு கடிதம் கிடைத்திருக்கிறது. அப்பா பிலேந்திரன் தோடம்பழம் உரித்த விரல்களை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துவிட்டுக் கண்ணாடியைப் போடுகிறார். உறையில் 1991ஆம் ஆண்டு. ‘கடலோன், ரொம்மன், ஒஸ்லோ’ என்று பழைய வீட்டு முகவரி. அதன் குறுக்கே நீல முத்திரை: இந்த முகவரியில் இப்படி ஒருவர் இல்லை. “உள்ளுக்கை என்ன எழுதியிருக்கினம்?” “நீங்கள் போட்டோ எடுத்து அனுப்பின ஓவியங்கள் பிடிச்சிருக்காம் அப்பா. அந்த ஆறு ஓவியத்தையும் அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கினம்.” அவர் மெல்லத் தலையாட்டுகிறார். பதில் வராத அந்த வருடமே ஆறையும் குப்பையில் போட்டவர். பிறகு தூரிகையைத் தொடவேயில்லை. திரையின் வெளிச்சம் அவருடைய கண்ணாடியில் இரண்டு சின்னச் சதுரமாக நிற்கிறது. “தபால்காரனுக்கு உங்களைத் தெரியாதோ?” “தெரியும். நல்ல மனுசன். பெட்டியிலை இருக்கிற பேரைப் பாத்துத்தானே போடுவான்.” உரித்த சுளை அவர் முன்னாலேயே காய்கிறது. “பெட்டியிலை பிலேந்திரன் எண்டுதான் இருந்தது. நான்தான் வடிவா எழுதி ஒட்டினனான்.”