பாய் கெடுத்த கிடார்

"இதைக் கொண்டுபோய்க் கருக்களாச்சேரி கடல்ல போட்டுடுங்க பாய். மீனாவது ஒழுங்கா வாசிக்கும்" என்றார் சோமசேகரன், எலக்ட்ரிக் கிடாரை உறையிலிருந்து உருவியபடி.

எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த காஜா நஜ்முதீன் அசடு வழியச் சிரித்தார். இருபது வருஷம் குவைத்தில் இருந்துவிட்டு மொத்தமாக ஊர் திரும்பியவர். மகளுக்கு வாங்கியது என்று சொல்லி அந்தக் கிடாரைத் தூக்கிக்கொண்டு, இது ஐந்தாவது சனிக்கிழமையாக வந்திருக்கிறார்.

"போன வாரம் பிரிட்ஜ் உள்ள அமுங்கிக் கெடந்துச்சு. அதுக்கு முந்தின வாரம் ஒரு பக்கமா சாஞ்சு நின்னுச்சு. இன்னிக்கு மொத்தமா எந்திரிச்சு நிக்குது. எப்படித்தான் வாரா வாரம் புதுசு புதுசாக் கெடுக்கிறீங்களோ! இதுக்குன்னே தனி மூளை வேணும்."

"பொண்ணு கை சும்மா இருக்காதுண்ணே."

கிடாரின் கம்பிகளைத் தாங்குகிற அந்த பிரிட்ஜ் வம்பு பிடித்த சாமான்தான். அதிலுள்ள கைப்பிடியை அழுத்தினால் ஸ்வரம் நடுங்கும், கேட்கச் சுகமாக இருக்கும். ஆனால் முன்னால் ஆறு கம்பிகள் இழுக்க, பின்னால் ஸ்பிரிங்குகள் இழுக்க, நடுவில் அது அந்தரத்தில் நிற்க வேண்டும். ஒரு கம்பியைச் சுருதி சேர்த்தால் மற்ற ஐந்தும் கலைந்துவிடும்.

காரைக்காலிலும் நாகப்பட்டினத்திலும் அதை வழிக்குக் கொண்டுவரத் தெரிந்தவர் சோமசேகரன் ஒருவர்தான். யூடியூப் பார்த்துச் செய்த சூரர்கள்கூடக் கடைசியில் ஸ்பிரிங்கைத் தனியாகப் பொட்டலம் கட்டிக்கொண்டு அவரிடம்தான் வந்தார்கள். அந்த ஒரு வித்தையில்தான் அவர் வீட்டில் உலை கொதிக்கிறது. அதனால் கிடாரின் பின்மூடியைக் கழற்றுவதற்கு முன்னால், மேசைக்குக் குறுக்கே திரையை இழுத்துவிடுவார்.

அன்றும், தன் கிடாரை வாங்க வந்த ஆர்க்கெஸ்ட்ரா நவநீதன் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தான்.

"என்னப்பா பாக்குற? தொழில் திருட வந்தியா? போய் டீ குடிச்சுட்டு வா."

நவநீதன் முகம் சுண்டி வெளியேறினான். நஜ்முதீனும் எழுந்தார். "நானும் வெளில நிக்கவாண்ணே?"

"நீங்க உக்காருங்க பாய். நீங்க பாத்தா என்ன, மாடு பாத்தா என்ன!"

விவரமானவன் முன்னால் வாயைப் பூட்டிக்கொள்கிற சோமசேகரனுக்கு, முட்டாள் ஒருவன் எதிரே உட்கார்ந்துவிட்டால் போதும், பேச்சு பொத்துக்கொண்டு வரும். திரையை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கிடாரைக் கவிழ்த்துப் போட்டார்.

"தடிக் கம்பி மாத்தியிருக்கீங்க. யாரக் கேட்டு மாத்துனீங்க? தடிக் கம்பின்னா இழுவை ஜாஸ்தி. மூணு ஸ்பிரிங் தாங்காது, நாலாவது போடணும். மண்டைல ஏறுதா?"

"ஏறலைண்ணே. இன்னொரு தடவ சொல்லுங்க."

தலையில் அடித்துக்கொண்டு இன்னொரு தடவை சொன்னார். நாலாவது ஸ்பிரிங்கை மாட்டினார். பிறகு மேசை டிராயரிலிருந்து குச்சி ஐஸின் குச்சிகள் நாலைந்தை எடுத்து அடுக்கி, பின்பக்கக் குழியில், பிரிட்ஜின் இரும்புக்கட்டை அசையாதபடி செருகினார். திரைக்குப் பின்னால் இத்தனை வருஷமாக அவர் ஒளித்து வைத்திருந்தது இதைத்தான்.

"குச்சி பிரிட்ஜைப் பிடிச்சுக்கும். இப்ப சுருதி சேத்தா கலையாது. அப்புறம் ஸ்பிரிங்கை இழுத்துப் பிடிக்கிற இந்த ரெண்டு ஸ்க்ரூவையும், குச்சி தானா நழுவி விழுற வரைக்கும் முறுக்கணும். விழுந்துச்சுன்னா அதோட நிறுத்தணும். இவ்வளவுதான் விஷயம். இது தெரியாம ஊரே என் வாசல்ல நிக்குது, தெண்டங்க!"

சுருதி சேர்த்து ஸ்க்ரூக்களை முறுக்க, குச்சிகள் நழுவி விழுந்தன. பிரிட்ஜ் மட்டமாக நின்றது. கைப்பிடியை நாலு தடவை அழுத்தி விட்டுப் பார்த்தார். சுருதி இம்மியும் பிசகவில்லை.

"பிரமாதம்ணே. இனிமே இதுல கெடுறதுக்கு வேற ஏதாச்சும் பாக்கி இருக்குங்களா?"

"எல்லாத்தையும்தான் கெடுத்து முடிச்சுட்டீங்களே! இனிமே கெடுக்கணும்னா கோடாலியால பொளந்தாத்தான் உண்டு."

"அல்ஹம்துலில்லாஹ்!" நஜ்முதீன் நிம்மதியாக மூச்சு விட்டார். கூலியைக் கொடுத்துவிட்டுப் பையிலிருந்து பளபளப்பான அழைப்பிதழ் ஒன்றை எடுத்து, இரண்டு கையாலும் பணிவாக நீட்டினார்.

"என்ன பாய், மகளுக்கு நிக்காஹ்வா? இந்தக் கிடாரை மட்டும் மாப்பிள்ளை கண்ணுல காட்டிடாதீங்க" என்று இளக்காரமாகச் சிரித்தபடி சோமசேகரன் அதை வாங்கிக்கொண்டார்.

"எனக்கு மகளே கெடையாதுண்ணே, மூணும் பயலுவ. வெள்ளிக்கிழமை எதிர்த்தாப்புல நம்ம கிடார் ரிப்பேர் கடை திறப்பு. ரிப்பன் நீங்கதான் வெட்டணும், உஸ்தாத்!"