எசக்கியேலின் சொத்து

கேசியா என்ற பெண்ணின் விலை நானூறு டாலர், பேரமே கிடையாது. வர்ஜீனியா நீதிமன்றப் பதிவறையில் 1841-ஆம் வருட விற்பனைப் பத்திரத்தைப் படித்த லொரீனா வெடுக்கென நிமிர்ந்தாள். வாங்கியவர் அவள் வம்சத்தின் மூதாதை எசக்கியேல் கிரம்ப். அவரே அடிமையாயிருந்து விடுதலை பெற்ற கறுப்பின விவசாயி.

"நம்ம ஆளே நம்ம ஆளை வெலைக்கு வாங்கியிருக்காருடா!"

தம்பி ஓடிஸ் தலையில் கைவைத்தான். "நாளைக்கு மொத்தச் சொந்தமும் கூடுது, அக்கா. எல்லாருக்கும் அவரு பேரைப் போட்டு சட்டை அடிச்சாச்சு!"

"உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பிப் போட்டுக்கச் சொல்லு. அந்தப் பேரை நெஞ்சுல சுமக்க முடியாது."

"அப்புறமாவது விடுதலை பண்ணாரா?"

"எங்க! அவரு செத்தப்போ எடுத்த சொத்துக் கணக்குலயும் அவ பேரு இருக்கு. சாகிற வரைக்கும் சொத்தாவே வெச்சிருந்திருக்காரு, பாவி மனுஷன்."

பத்திரம் இருந்த அதே காகிதக் கட்டுக்குள் எசக்கியேல் எழுதிய ஒரு மனுவும் இருந்தது. எரிச்சலோடு வாசிக்கத் தொடங்கியவள் போகப்போக வேகத்தைக் குறைத்தாள்.

"என் மனைவி கேசியாவை விடுதலை செய்தால், சட்டப்படி ஒரு வருடத்துக்குள் அவள் வர்ஜீனியாவை விட்டே போக வேண்டும். விடுதலையான பிறகும் அவள் என்னோடு இருக்க அனுமதி தாருங்கள்."

"பொண்டாட்டியா?" ஓடிஸ் மெல்லக் கேட்டான். "கூட வெச்சுக்கத்தான் சொத்துன்னு எழுதி வெச்சாரா?"

"சட்டையை எல்லாரும் நேராவே போடட்டும்டா," என்று மூக்கை உறிஞ்சினாள் லொரீனா.

அந்தக் கட்டுக்குள் மொத்தம் ஏழு மனுக்கள். ஏழும் தள்ளுபடி.