சைபர் போட்டவர்கள்

மாதம் ஒன்பது லட்சமா? யாருக்கு?

அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை. மேசைக்கு எதிரே பொறியாளர் சங்கச் செயலாளர் நாச்சிமுத்து உட்கார்ந்திருந்தார்.

சொந்தமாகத் தொழில் செய்யும் பொறியாளர்களிடம் சங்கம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தது. மாதச் சம்பளம் எவ்வளவு? பெயர் எழுத வேண்டாம். அனுபவமும் செய்யும் வேலையும் போதும்.

ஒரு காலத்தில் பாலிடெக்னிக்கில் புள்ளியியல் நடத்தியவள் என்பதால், வந்த பதில்களைப் படித்து அர்த்தம் சொல்லும் வேலை அவள் தலையில் விழுந்தது.

படிக்கப் படிக்கச் சந்தேகம்தான் வளர்ந்தது.

தனக்குத் தானே முதலாளியாக இருப்பவருக்குச் சம்பளம் ஏது? ஒருவர் மனைவியின் கடை வாடகையையும் சேர்த்திருந்தார். ஒன்பது லட்சக்காரர் சிமெண்ட், கம்பி, கொத்தனார் கூலி என்று கைக்கு வந்து கையோடு போகிற பணத்தையெல்லாம் சம்பளம் என்று எழுதியிருக்க வேண்டும்.

முப்பது வருட அனுபவம். சொந்தமாக மண் பரிசோதனைக் கூடம்.

ஊரில் அப்படி ஒருவர்தான் உண்டு. அவர் எதிரே உட்கார்ந்து மிக்சர் கொறித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு. ஆண்டுச் சந்தாவை இரண்டு மடங்காக்கப் போகிறார்கள். இவ்வளவு சம்பாதிப்பவர்களுக்கு இது ஒரு தொகையா என்று கேட்க, சராசரி நன்றாக இருக்க வேண்டும். சந்தா கட்டாதவர் பெயர் சங்கத்தின் பட்டியலிலிருந்து போய்விடும். வீடு கட்டப்போகிறவர்கள் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் போன் செய்கிறார்கள்.

சம்பளம் என்ற இடத்தில் சைபர் போட்டவர்களை எடுத்துவிடச் சொன்னார் நாச்சிமுத்து. சும்மா இருப்பவர்களையும் சேர்த்துப் பங்கு போட்டால் ஊரே சிரிக்கும் என்றார்.

சும்மா.

அந்தச் சைபர்களில் ஒன்று அவளுடையது.

போன வருடம் மூன்று வீடுகளுக்குத் தூணும் உத்திரமும் கணக்கிட்டுக் கொடுத்தாள். மூன்றும் உறவு. உறவுக்குப் பில் நீட்டக் கூடாது. ஒருவர் பட்டுப் புடவை எடுத்துக் கொடுத்தார். ஒருவர் கிரகப்பிரவேசத்தில் முதல் பந்தியில் உட்கார வைத்தார். மற்றவர், கூரை போட்ட கையோடு, மேலே இன்னொரு மாடிக்கும் வரைந்து தரச் சொன்னார்.

மூன்று வீடும் நிற்கின்றன.

தான் மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தாள். கணினித் திரையில் சைபர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கிக்கொண்டே போயின. இவர்களெல்லாம் யார்? யாருடைய வீடுகளைத் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள்?

சைபர்களை எடுக்கத் தயங்குவது நேர்மைக்காகவா, திரையில் இருக்கும் தன் ஒரு வரிக்காகவா? அதையும் அவள் நம்பவில்லை.

நாச்சிமுத்து மேசை மேல் சாய்ந்தார். குரல் தணிந்தது.

"அம்மிணி, உங்களுதுக்கு மட்டும் நாமளே ஒரு தொகை போட்டுக்கலாமுங்க. சந்தாவையும் நான் பாத்துக்கறேன். வெளிய தெரியாது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

பெயரில்லாத பதில்களை அவரும் படித்திருக்கிறார். அவள் அவரைக் கண்டுபிடித்த மாதிரியே அவளையும் கண்டுபிடித்துவிட்டார்.

அவர் முகத்தில் கள்ளம் தெரியவில்லை. உண்மையாகவே உதவுவதாக நினைத்திருப்பாரோ? அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

கர்சரைத் தன் வரிக்குக் கொண்டுபோனாள். அவர் எட்டிப் பார்த்தார்.

எந்தத் தொகை போட்டாலும் அது அவளுக்குப் பொருந்தும். யாரும் கேட்க மாட்டார்கள்.

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எல்லாமே இருக்கட்டுங்க," என்றாள். "என்னுதும்."