நோயாளிப் பட்டியலில் கேட்ரிக்

“ஏம்மா, எனக்கு என்ன கேடு வந்துச்சுன்னு என் பேரை நோயாளிப் பட்டியல்ல போட்டீங்க?”

சபைச் சமையலறையில் மதியச் சாப்பாட்டுக்குக் கோழி வறுத்துக் கொண்டிருந்த வெர்னெல் திரும்பிப் பார்த்தாள். கேட்ரிக் அன்றைய ஆராதனைத் தாளை அவள் மூக்குக்கு நேராக நீட்டினான். இருபத்திரண்டு வயசுக் கோபம்.

ஜாக்சன் நகரில் எங்கள் அமெரிக்கக் கறுப்பர் சபைகளில், உடம்பு முடியாதவர்கள் பெயரை ஞாயிறுதோறும் தாளில் அச்சடித்து, பாஸ்டர் மேடையில் வாசிப்பார். வாசித்துவிட்டால் ஜெபத்திலிருந்து தப்பவே முடியாது.

“இடுப்பு ஒடிஞ்ச சிஸ்டர் பெர்லீனுக்கு அடுத்தது நான்! ஏழு பேர் தலையில கை வச்சு ஜெபம் பண்ணிட்டாங்க. ஒருத்தர் எண்ணெயே தடவிட்டார்!”

“கத்தாதடா.” வெர்னெல் கதவைச் சாத்தினாள். “துணி துவைக்கறப்ப உன் பேன்ட்ல மாத்திரை டப்பா இருந்துச்சு. போன்ல தேடினேன். எச்.ஐ.வி.ன்னு வந்துச்சு. அதுக்கு மேல அழுகையில படிக்க முடியல.”

கேட்ரிக்கின் கோபம் அப்படியே இறங்கிவிட்டது.

“ஐயோ, எனக்கு நோயே இல்லம்மா. வராம இருக்கத்தான் அது, தினம் ஒண்ணு. என்னை மாதிரி ஆம்பளையோட பழகற பசங்களுக்கு டாக்டரே தர்றாங்க.”

“நிஜமாவா?”

“போன வாரம்கூட ரத்தம் பார்த்தாங்க. ஒண்ணும் இல்ல.”

வெர்னெல் மாவு மூட்டைமேல் தொப்பென்று உட்கார்ந்து, ஏப்ரனால் கண்ணைத் துடைத்துக் கொண்டாள்.

“என் தம்பி அதுலதான் போனான். புத்துநோய்னு சொல்லி ஊரை ஏமாத்தினோம். வெட்கப்பட்டுக்கிட்டு அவன் பேரை இந்தத் தாள்ல போடவே இல்ல. ஒரு ஜெபம்கூட இல்லாம போய்ச் சேர்ந்தான். உன்னையும் அப்படி விடக் கூடாதுன்னுதான்…”

கேட்ரிக் அவள் தோளில் கை வைத்தான். ஆனால் வெளியே கூடத்தில் சபையே காத்திருப்பது நினைவுக்கு வந்ததும் முகம் தொங்கிப் போயிற்று.

“இனி ஆளாளுக்கு என்ன நோய்னு கேப்பாங்க. உங்களுக்குத்தான் அவமானம். மாத்திரையும் வேணாம், மண்ணாங்கட்டியும் வேணாம். சாயங்காலமே பெட்டியைக் கட்டிடறேன்.”

“மாத்திரையை நிறுத்தினே, தோலை உரிச்சிடுவேன்! கேக்கறவங்களுக்கு நான் சொல்லிக்கறேன், எங்க வீட்டுப் பையன் கெட்டிக்காரன், நோயை வாசல்லயே நிறுத்திட்டான்னு. பெட்டி எதுக்கு?”

“என்னை வச்சுக்கணும்னு உங்களுக்கு என்னம்மா தலையெழுத்து?”

வெர்னெல் எழுந்து வந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்துக் கொண்டாள்.

“இங்க பாருடா. உன்னோட குடும்பம் நடத்திட்டு, ரெண்டு வருஷம் முன்னாடி உன்னை விட்டுட்டு ஹூஸ்டனுக்கு ஓடினவன் என் மகன் லாமர். நான் எங்கயாவது ஓடினேனா?”