கூரை விழுங்கும் வேண்டுதல்

நகராட்சி மன்றத்துக்குள் யாருடைய வேண்டுதலும் ஒலிக்கக் கூடாது என்று சட்டம் வந்தபின், அதைக் கூரையே பார்த்துக்கொண்டது. மந்திரமோ ஜெபமோ துஆவோ, உதட்டைத் தாண்டியதும் எருக்கம்பஞ்சாய் மிதந்து மேலே போய்க் கரைந்துவிடும்.

பதினோராம் வார்டிலிருந்து மனு கொடுக்க வந்த செவந்தி, யாரோ முணுமுணுத்த மந்திரம் அப்படிக் கரைவதை அண்ணாந்து பார்த்துச் சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தாள். முறை வந்ததும் எழுந்து கைகூப்பினாள்.

"ஐயா, நீங்கதான் எங்களுக்குத் தெய்வம். நாப்பது நாளா குழாயில தண்ணி வரல. நீங்க மனசு வைக்கணும்."

ஒரு சொல்லும் கேட்கவில்லை. அத்தனையும் வெள்ளைப் பஞ்சாய் மேலே போயிற்று.

"என்னம்மா, வாயத் தொறந்து பேசுங்க," என்றார் தலைவர்.

இன்னும் குனிந்து, இன்னும் உருகிக் கேட்டாள். பஞ்சுதான் அடர்ந்தது. எந்த ஆபீசிலும் அவள் வேறு மாதிரி பேசியதில்லை. கூப்பிய தன் கைகளையே பார்த்தாள். பிறகு அவற்றைப் பிரித்துத் தலைவரின் மேசைமேல் ஊன்றினாள்.

"நாளைக்குக் காலையில எங்க தெருவுக்குத் தண்ணி வரணும்."

மன்றம் முழுக்கக் கேட்டது.

தலைவர் எழுந்து அவளைப் பார்த்துக் கைகூப்பினார். இப்போது பஞ்சு அவர் வாயிலிருந்து கிளம்பியது.