குறிப்பில் இருந்த பல்

வந்திருந்தோர்: பல் டாக்டர் ஜெயசீலன், உதவியாளர் செல்லக்கனி, நோயாளி இருதயராஜ்.

இப்படித் தொடங்கும் சிகிச்சைக் குறிப்பை, இருதயராஜ் வந்து நாற்காலியில் சாய்வதற்கு அரைமணி நேரம் முன்பே கணினியில் இருந்த செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதி முடித்திருந்தது. வலப்பக்கக் கீழ்க் கடைவாய்ப்பல் பிடுங்கப்பட்டது என்று அதில் இருந்தது. டாக்டருக்கு மிச்சமிருந்தது பிடுங்குகிற வேலை மட்டும்தான்.

“சார், வலி இடப்பக்கம்லா,” என்றார் இருதயராஜ்.

டாக்டர் வாயைப் பார்க்காமல் திரையைப் பார்த்தார். “குறிப்புல வலதுன்னு இருக்கே அண்ணாச்சி. அது தப்பா எழுதாது.”

செல்லக்கனி எட்டிப் பார்த்தாள். இடது ஈறு நெல்லிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. ஐந்து வருடம் பல்லைப் படித்த மனுஷனுக்கு ஒரு வாய்க்குள் எட்டிப் பார்க்க வக்கில்லையே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“சார், விளக்கைப் போட்டு ஒருக்கா பாருங்க. நல்ல பல்லைப் புடுங்கப் போறீங்க.”

“குறிப்பை மாத்தினா மேலிடத்துக்கு யாரு பதில் சொல்லுறது? நீயா?”

அவள் இருதயராஜிடம் திரும்பினாள். “நீங்க சொல்லுங்க அண்ணாச்சி. வாய் உங்களுதுதானே?”

அவர் வலது கன்னத்தைத் தடவினார். திரையைப் பார்த்துவிட்டு மறுபடி தடவினார். “இங்கனயும் லேசா வலிக்கத்தான் செய்யுது. மெஷினுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போவுது?”

“அப்போ ஊசியையும் அதையே போடச் சொல்லுங்க,” என்று செல்லக்கனி கையிலிருந்த ஊசித் தட்டை மேசையில் வைத்தாள்.

“வெளிய போ,” என்றார் டாக்டர்.

போனாள். கழுத்தில் கட்டிய துண்டோடு இருதயராஜே எழுந்து வந்து, அவள் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.