மார்ச் மாத ராரிட்டன் ஆறு

இலையுதிர் காலத்தில் செம்மஞ்சளாகக் கிடந்த ராரிட்டன் ஆற்றங்கரையில் இப்போது அழுக்குப் பனி உருகிக்கொண்டிருக்கிறது. இடுப்பளவு நீரில் நிற்கும் சேனாபதியின் தூண்டில் நூல் தலைக்கு மேல் வளைந்து பறந்து, இறகால் செய்த பொய்ப்பூச்சியை மெல்ல நீரில் இறக்குகிறது. டிரவுட் மீன் ஒன்று அதைக் கவ்வுகிறது. அதே நேரம், காரில் இருந்த அவன் மனைவி சாந்தி கோட்டுகூடப் போடாமல், போனும் கையுமாகக் கரைக்கு வருகிறாள்.

"டாக்டர் ஆபீஸ்ல கூப்ட்டாங்க. என் பயாப்ஸி ரிசல்ட் வந்திருச்சாம். ரெண்டு பேரையும் நேர்ல வரச் சொல்றாங்க."

"போன்ல ஒண்ணும் சொல்லலையா?"

"இல்லைங்க."

அவன் மீனை இழுத்துக் கொக்கியைக் கழற்றுகிறான். நீருக்குள் விட்டதும் அது கல்லிடுக்கில் மறைகிறது. கரைப்பக்கம் அவனுக்குக் கால் எழவில்லை. சாந்தி குனிந்து கை நீட்டுகிறாள்.

"பாத்து வாங்க, கல்லு வழுக்கும்."